மூடினால் குளிருமா?

கத்திரி வெயில் நாள்களில் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. காலை பத்து மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். வெளியே அனல் வீசும்போது இரவில் கிடைத்த கொஞ்சம் குளிர்ச்சியைப் பொத்திவைக்கும் தந்திரம் அது. வீட்டுக்கு அது பொருந்தும். அதே தந்திரம் காளான் குடிலுக்கும் அப்படியே போய்விடுகிறது. மதிய வெயில் ஏறியதும் கதவு சாத்தப்படுகிறது, சணல் சாக்கு இறக்கப்படுகிறது, சுவரோரத்து இடுக்குகள்கூடப் பாலித்தீன் தாளால் அடைக்கப்படுகின்றன. ஈரம் வெளியே போகக் கூடாது, சூடு உள்ளே வரக் கூடாது என்பது கணக்கு. ஆனால் மாலையில் திறந்து பார்த்தால் உள்ளே புழுங்குகிறது. வெப்பமானி எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. சிப்பிக் காளான்களோ கால் நீண்டு, குடை சிறுத்து, நோஞ்சான்களாக நிற்கின்றன. மறுநாள் இன்னும் இறுக்கமாக மூடுகிறார்கள். நிலைமை இன்னும் மோசமாகிறது. காளான் வளர்க்கும் அறையில் காற்றோட்டத்தைக் குளிர்ச்சியின் எதிரி என்று எண்ணுவதுதான் இந்தச் சுழலுக்குக் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால், நம் சமவெளிகளில் அந்த அறையைக் குளிரவைக்கும் முதன்மைக் கருவியே காற்றோட்டம்தான் என்று தெரியும்.

வீட்டு அறைக்கும் காளான் அறைக்கும் உள்ள வேறுபாடு, உள்ளே இருப்பது என்ன என்பதில் தொடங்குகிறது. மதியம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் சூடு பிறப்பதற்கு எதுவும் இல்லை. வெளியே இருந்து வந்தால்தான் உண்டு. காளான் குடிலில் நூற்றுக்கணக்கான வைக்கோல் படுக்கைகள் மெதுவாக எரிந்துகொண்டிருக்கின்றன. எரிகின்றன என்பதை உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூசண இழை வைக்கோலின் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைத்து, ஆக்சிஜனோடு சேர்த்து, கரியமில வாயு, நீர், வெப்பம் என்று மாற்றுகிறது. அடுப்பில் விறகு எரிவதும் வேதியியலில் இதே வினைதான். இங்கே தீக்கொழுந்து இல்லை, வேகம் குறைவு, அவ்வளவே. பச்சைச் செடிகளை விளக்கொளியில் வளர்க்கும் அறைகளில், வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் செடி கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் அங்கே அறையை மூடி, அந்த வாயுவைக் கூடுதலாகச் செலுத்துவதுகூட உண்டு. காளானுக்கு ஒளிச்சேர்க்கை கிடையாது. மூச்சு விஷயத்தில் அது செடியின் கட்சி அல்ல, நம் கட்சி.

எவ்வளவு மூச்சு விடுகிறது? ஒரு கிலோ சர்க்கரைக்கு நிகரான பொருள் முழுதாகச் சிதைந்தால் சுமார் 1.47 கிலோ கரியமில வாயுவும், 0.6 கிலோ நீரும், ஏறத்தாழ 15,600 கிலோஜூல் வெப்பமும் வெளிப்படும். இது பள்ளி வேதியியலில் வரும் சமன்பாட்டிலிருந்தே கிடைக்கும் கணக்கு. இப்போது 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள ஒரு குடிலை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 60 கன மீட்டர். அதிலுள்ள படுக்கைகள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 2 கிலோ அளவுக்குச் சிதைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வெளிப்படும் வெப்பம் இரவு பகல் ஓயாமல் சுமார் 360 வாட். கரியமில வாயு மணிக்கு ஏறத்தாழ 69 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தையும் மணிக்குப் பதினைந்து இருபது லிட்டர் கரியமில வாயுவையும் விடுகிறது. அதாவது, யாருமே இல்லாத அந்தக் குடிலுக்குள் நான்கு பேர் நாள் முழுதும் உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள் என்று பொருள். வெளிக்காற்றில் இன்று கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு, அதாவது 420 பிபிஎம். நம் குடிலைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், படுக்கைகள் அடைக்கும் இடத்தைக் கழிக்காமலே, மணிக்கு 1,150 பிபிஎம் வீதம் ஏறும். இரவு பத்து மணிக்குச் சாத்தி விடியற்காலை ஆறு மணிக்குத் திறந்தால் உள்ளே 9,000 பிபிஎம்மைத் தாண்டியிருக்கும்.

தாண்டினால் என்ன என்று கேட்கலாம். வித்து பரவும் கட்டத்தில், அதாவது விதைத்த வித்திலிருந்து இழை படுக்கை முழுதும் படரும் நாள்களில் கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை என்பதே பதில். பூசண இழை இயற்கையில் வாழ்வது பட்டுப்போன மரத்தின் உள்ளே, மட்கும் குப்பையின் அடியில். அங்கே காற்று எப்போதும் தேங்கித்தான் கிடக்கும். பாலித்தீன் பைக்குள் கரியமில வாயு பல சதவீதம் சேர்ந்தாலும் இழை தாராளமாக ஓடும். மொட்டு விடும் நேரத்தில்தான் கதை மாறுகிறது. காளான் என்று நாம் பறிப்பது பூஞ்சையின் கனியுறுப்பு. குடையின் அடியிலிருந்து வித்துத்தூளை உதிர்த்துக் காற்றில் அனுப்புவதற்காகவே அது வெளியே வருகிறது. வெளிக்காற்றை எட்டிவிட்டோமா என்பதை அறிய அதற்குக் கண் இல்லை. சுற்றியுள்ள கரியமில வாயுவின் அளவு அந்த வேலையைச் செய்கிறது. வாயு மிகுந்திருந்தால் இன்னும் பொந்துக்குள்ளேயே இருக்கிறோம் என்று பொருள். அப்போது குடையை விரித்து என்ன பயன்? காலை நீட்டு, வெளியே போ என்பதே உடலுக்குக் கிடைக்கும் கட்டளை. ஆகவே கால் நீண்டு குடை சிறுத்த சிப்பிக் காளானை நோயாளியாகப் பார்க்க வேண்டியதில்லை. வெளியேறும் வழியைத் தேடிக்கொண்டிருக்கும் காளான் அது. சிப்பிக் காளானுக்கு மொட்டு விட்ட பிறகு கரியமில வாயு 1,000 பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது என்று வளர்ப்போர் கொள்ளும் வரம்பின் பொருளும் இதுதான்.

இது வெறும் ஊகம் என்று தோன்றினால், கிழக்காசியச் சமையலில் புழங்கும் எனோகி காளானைப் பார்க்கலாம். தீக்குச்சி போல வெள்ளைத் தண்டு, தலையில் மிளகளவு குடை. கொத்தாகப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து நம் பெருநகரக் கடைகளிலும் இப்போது விற்கிறார்கள். அதே காளான் காட்டில் மரக்கட்டையில் முளைக்கும்போது பழுப்பு நிறக் குடை விரித்து, குட்டைத் தண்டோடு நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று நம்பவே முடியாது. தண்டை நீட்டப் பண்ணையில் செய்வது இவ்வளவுதான்: குளிர்ந்த, மங்கலான அறையில் புட்டியில் வளர்த்து, மொட்டு வந்ததும் புட்டியின் வாயைச் சுற்றி ஒரு தாள் வளையத்தைச் செருகுகிறார்கள். காளான் தானே விட்ட மூச்சு அந்த வளையத்துக்குள் தேங்குகிறது. தண்டு விரலளவைத் தாண்டி நீள்கிறது. எனோகி வளர்ப்போர் வேண்டுமென்றே செய்வதை, கதவை இறுக மூடும் சிப்பிக் காளான் வளர்ப்போர் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். எனோகிக்கு நீண்ட தண்டே அழகு, விலை. சிப்பிக்கு அது கழிவு.

சரி, மூச்சுக்காகத் திறக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் திறந்தால் 38 டிகிரி காற்று அல்லவா உள்ளே வரும்? அதிகாலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் திறந்துகொண்டு, உச்சிப் பொழுதில் மூடி வைப்பதுதானே புத்திசாலித்தனம்? காற்றோட்டத்துக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது இது. எண்களோடுதான் பதில் சொல்ல வேண்டும். முதலில், எவ்வளவு காற்று தேவை? மணிக்கு 69 லிட்டர் வாயுவை 1,000 பிபிஎம்முக்குள் வைத்திருக்க மணிக்குச் சுமார் 120 கன மீட்டர் வெளிக்காற்று போதும். நம் குடிலின் கொள்ளளவில் அது இரு மடங்கு. மணிக்கு இரண்டு முறை காற்று முழுதாக மாற வேண்டும், அவ்வளவே. புயல்போல் வீசத் தேவையில்லை. மணிக்கு 600 கன மீட்டர் தள்ளும் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் கால் மணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் ஓடினாலே கணக்குத் தீர்ந்துவிடும்.

அடுத்து, அந்த 120 கன மீட்டர் அனல்காற்று எவ்வளவு சூட்டைச் சுமந்து வருகிறது? 38 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்கு அதை இறக்க, மணிக்கு சுமார் 0.38 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை எடுக்க வேண்டும். படுக்கைகளின் உடல்சூடு மணிக்கு 0.36 யூனிட். இரண்டும் சேர்ந்தால் முக்கால் யூனிட். இனி ஈரத்தின் பக்கம் வருவோம். உள்மாவட்டங்களில் கோடை மதியம் 38 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதம் என்று கொள்வோம். அந்தக் காற்றைக் குடிலுக்குத் தேவையான 28 டிகிரி, 85 சதவீதம் என்ற நிலைக்குக் கொண்டுவர மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி அதில் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சும் வெப்பம் சுமார் 0.67 யூனிட். கூடுதலாக ஆவியாகும் சில துளிகளையும் சேர்த்தால் அது முக்கால் யூனிட்டை நெருங்கிவிடுகிறது. வரவும் செலவும் சரியாகின்றன! நனைந்த சாக்கு வழியாக உள்ளே நுழையும் அந்த வறண்ட காற்று தன் சூட்டைத் தானே தீர்த்துக்கொண்டு, படுக்கைகளின் சூட்டையும் ஆவியாகத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. மண்பானை செய்வதும் இதைத்தான்: வறண்ட காற்று பட்டால்தான் பானைத் தண்ணீர் சில்லிடும். பானையைப் பாலித்தீன் உறைக்குள் கட்டிவைத்து, ஏன் குளிரவில்லை என்று கேட்பதற்கும் குடிலை அடைத்துவிட்டுக் கேட்பதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

அடைத்த குடிலில் என்ன நடக்கிறது என்பது இப்போது தெளிவாகும். முதல் தெளிப்பு ஆவியாகும், கொஞ்சம் குளிரும். சற்று நேரத்தில் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். அதன் பிறகு எத்தனை குடம் தெளித்தாலும் தண்ணீர் தண்ணீராகவே தரையில் கிடக்கும். ஆவியாகாத தண்ணீர் குளிர்விக்காது. படுக்கைகளின் சூடோ நிற்கப்போவதில்லை. அது போவதற்குச் சுவரையும் கூரையையும் தவிர வேறு வழி இல்லை. மதியத்தில் அவை இரண்டும் அறையைவிடச் சூடாக இருக்கும். ஆக, ஈரத்தைக் காப்பதற்காக மூடுவது ஈரத்தின் குளிர்விக்கும் சக்தியையே முடக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, நிறைந்த ஈரம் காளானின் குடைமேல் முத்துமுத்தாக நிற்கும். பல மணி நேரம் காயாத அந்த நீர்ப்படலத்தில் பாக்டீரியா பெருகி, குடையில் பழுப்புத் திட்டுகள் விழும். காளானுக்கு ஈரமான காற்று வேண்டும். நனைந்த உடம்பு வேண்டாம். தண்ணீர் தெளித்த பிறகு காற்றை ஓடவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தில்தான் இதன் பயனும் இருக்கிறது. வெப்பமானியின் குமிழைச் சுற்றி நனைந்த துணியைக் கட்டி விசிறினால் அது காட்டும் அளவை ஈரக் குமிழ் வெப்பநிலை என்பார்கள். தண்ணீரை மட்டும் வைத்து ஒரு காற்றை எவ்வளவு தூரம் குளிர்விக்கலாம் என்பதன் எல்லை அது. 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் உள்ள உள்நாட்டுக் காற்றுக்கு அந்த எல்லை 24 டிகிரிக்குச் சற்றுக் கீழே. கடலோரத்தில் 35 டிகிரி, 60 சதவீதம் உள்ள காற்றுக்கு 28 டிகிரி. வெறும் வெப்பமானியில் கடலோரம் மூன்று டிகிரி குறைவாகத் தெரிந்தாலும், குளிர்விக்க வராத காற்று அது. நம் குடிலையும் அதே படுக்கைகளையும் அதே இரண்டு காற்று மாற்றத்தையும் கடலோரத்துக்குத் தூக்கிச் சென்றால், கூரைச் சூட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உள்ளே 28 டிகிரிக்குப் பதில் 32 டிகிரி அளவில்தான் கணக்கு நிலைக்கும். காற்று மாற்றத்தை இரட்டிப்பாக்கினால் இன்னும் ஒரு டிகிரி குறையலாம். அதற்குக் கீழே பெரிதாக இறக்கத் தண்ணீராலும் விசிறியாலும் ஆகாது.

அப்படியானால் கடலோரத்தில் காளான் வளர்க்கவே முடியாதா என்றால், எந்தக் காளான் என்பதே எதிர்க்கேள்வி. 1974இல் புர்காயஸ்தா, சந்திரா ஆகிய ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்திலிருந்து அடையாளம் கண்டு பெயரிட்ட பால் காளான் வெப்ப நாட்டுக்கே உரியது. அதிலிருந்து ஏபிகே 2 என்ற ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்டது. அது விரும்பும் வெப்பநிலை 30 முதல் 35 டிகிரி. மேலே சொன்ன கடலோரக் குடிலின் 32 டிகிரி சிப்பிக் காளானின் பல ரகங்களுக்குத் தொல்லை. பால் காளானுக்கு அது சொந்த வீடு. 1940களிலேயே கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் வளர்த்துப் பார்க்கப்பட்ட வைக்கோல் காளானும் இதே சூட்டு விரும்பிதான். குடிலைக் காளானுக்கு ஏற்ப வளைக்க இவ்வளவு பாடுபடுவதைவிட, நம் ஊர்க் காற்று எந்த வெப்பநிலையில் சும்மா கிடைக்கிறதோ அதற்கேற்ற காளானைத் தேர்ந்தெடுப்பது மலிவு. பால் காளானுக்கும் மூச்சு வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சூட்டைத் தாங்கும் காளான் என்பதற்காக அதற்குக் கரியமில வாயுவும் பழகிப்போகும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதுவரை சொன்ன கணக்கில் ஒரு பெரிய வரவை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்: வெயில். நம் குடிலின் கூரை 24 சதுர மீட்டர். தெளிந்த வானத்து உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட்டுக்குக் குறையாது. மொத்தம் 20 கிலோவாட்டுக்கு மேல். அதில் நூற்றில் மூன்று பங்கு உள்ளே கசிந்தாலும் படுக்கைகளின் சூட்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிடும். வெறும் தகரக் கூரைக்கு அடியில் கசிவு மூன்று பங்கோடு நிற்காது. கை வைக்க முடியாத அளவு சுட்ட தகரம் அடுப்புத் தட்டுபோல் கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். இந்தச் சூட்டை உள்ளே விட்டுவிட்டு, பிறகு காற்றாலும் தண்ணீராலும் துரத்துவது கட்டுப்படியாகாத வேலை. அதைக் கூரையிலேயே நிறுத்த வேண்டும். தென்னங்கீற்று வேய்ந்த கூரை இதைச் சுலபமாகச் செய்கிறது. அடுக்கடுக்கான ஓலைகளுக்கிடையே சிக்கிய காற்றே அதன் காப்பு. தகரம்தான் வாய்த்தது என்றால் அதற்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு நிழல்வலையோ கீற்றோ போட வேண்டும். இடைவெளி முக்கியம், சூடேறிய காற்று அதன் வழியே நழுவிப் போய்விடும். வெயிலுக்குக் கூரை, உடல்சூட்டுக்கும் மூச்சுக்கும் காற்று என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். கதவை மூடுவதால் கூரைச் சூடு குறையாது. திறப்பதால் அது கூடவும் செய்யாது.

ஏசி போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று ஒரு கேள்வி எழும். வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. எனவே 22 டிகிரி குளிரில், 9,000 பிபிஎம் வாயுவில், கால் நீண்ட காளான் கிடைக்கும்! அதோடு, குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் படிந்து குழாய் வழியே சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தை ஈடுகட்ட ஹியூமிடிஃபையர் வாங்கி உள்ளே வைப்பார்கள். ஒரு கருவி ஈரத்தை வெளியே எடுக்க, இன்னொன்று உள்ளே விட, இரண்டுக்கும் மின்கட்டணம் நாம் கட்டுகிறோம். வெப்பநிலை ஒன்றே பிரச்சினை என்றால் உலகில் மிகச் சுலபமாகக் காளான் வளர்த்தவர்கள் பாரிஸ்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அந்நகரின் அடியில் கைவிடப்பட்ட கல் சுரங்கங்களில் அவர்கள் மொட்டுக் காளான் விளைவித்தார்கள். ஆண்டு முழுவதும் மாறாத குளிர்ச்சி அங்கே இலவசம். அப்படியிருந்தும், மேலே திறக்கும் காற்றுத் துளைகள் இல்லாமல் அவர்களால் தொழில் நடத்த முடியவில்லை.

ஏசி தேவையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மொட்டுக் காளான் காய்ப்பதற்கு 14 முதல் 18 டிகிரி வேண்டும். நீலகிரியில் இயற்கை அதைப் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறது. சமவெளியில் இயந்திரக் குளிர்ச்சி இல்லாமல் நடக்காது. அங்கே காற்றோட்டம் உண்மையாகவே செலவுதான்: அதே 120 கன மீட்டர் மதியக் காற்றை 16 டிகிரிக்கு இறக்க, ஓயாமல் ஒரு கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஆகவே பெரிய பண்ணைகளில் கரியமில வாயுவை அளந்து, தேவைப்படும் அளவுக்கு மட்டும் வெளிக்காற்றை எடுத்து, உள்காற்றோடு கலந்து, குளிர்வித்து, கூரையோரம் நீளும் துளையிட்ட பாலித்தீன் குழாய் வழியே படுக்கைகள் மேல் சீராகப் பரப்புகிறார்கள். செலவு என்பதற்காக அவர்கள் காற்றை நிறுத்திவிடவில்லை, அளந்து வாங்குகிறார்கள். என் வாதத்துக்கு இது விலக்கு அல்ல, அதன் கடுமையான வடிவம்.

இன்னொரு மறுப்பு பழக்கத்திலிருந்து வருகிறது. எந்த விசிறியும் மீட்டரும் இல்லாமல் கீற்றுக் கொட்டகையில் பல ஆண்டுகளாகக் காளான் எடுக்கிறார்களே, இதெல்லாம் படித்தவர்கள் கிளப்பும் பயம்தானே? கீற்றுக் கொட்டகையில் காற்றோட்டம் இல்லை என்று யார் சொன்னது? ஓலை இடுக்கெல்லாம் வழி. தரையில் பரப்பிய ஈர மணலின் மேலும் தொங்கும் சாக்குகளின் மேலும் பட்டு, உள்ளே வரும் காற்று குளிர்ந்துகொள்கிறது. வெதுவெதுப்பான காற்று உச்சி வழியே கசிந்துபோகிறது. மணிக்கு இரண்டு மாற்றம் அங்கே யாரும் திட்டமிடாமலே நடந்துவிடும். சிக்கல் தொடங்குவது கொட்டகையைத் திருத்தும்போது. பூச்சி வரக் கூடாது, கழுவ வசதியாக இருக்க வேண்டும் என்று உட்புறம் முழுக்கப் பாலித்தீன் அடித்து, ஓலைக்குப் பதில் ஷீட் போட்டு, கதவை இறுக்கமாகப் பொருத்துகிறோம். எல்லாம் நல்ல திருத்தங்களே. ஆனால் ஓலை சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த ஒரு வேலை அதோடு நின்றுபோகிறது. அந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். பூச்சிக்குப் பயந்தால் திறப்புகளுக்கு நுண்வலை அடிக்கலாம். வலை காற்றைத் தடுக்கும் என்பதால் திறப்பைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். தூசி அடைத்த வலையை அடிக்கடி அலசவும் வேண்டும்.

திறப்புகளை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு நம்பிக்கை உலவுகிறது: கரியமில வாயு கனமானது, தரையில் தங்கிவிடும், ஆகவே அடியில் ஓட்டை போட்டால் தண்ணீர் வடிவதுபோல் வடிந்துவிடும் என்பார்கள். தூய வாயுவாக இருந்தால் அது சரிதான். காற்றில் கலந்திருக்கும்போது அந்தக் கனம் கரைந்துபோகிறது. 10,000 பிபிஎம், அதாவது ஒரு சதவீதம் சேர்ந்தால்கூடக் காற்றின் கனம் அரை சதவீதம்தான் கூடும்; காற்று ஒன்றரை டிகிரி சூடானால் அதே அரை சதவீதம் குறைந்துவிடும். படுக்கைகள் தங்கள் மூச்சைச் சூட்டோடும், காற்றைவிட இலேசான நீராவியோடும் சேர்த்தே விடுகின்றன. எனவே காற்று எங்கே போகும் என்பதைச் சூடுதான் முடிவு செய்கிறது. குளிர்ந்த ஈரக் காற்று கீழே நுழையட்டும், வெதுவெதுப்பானது எதிர்ச்சுவரின் மேலே வெளியேறட்டும். இரண்டையும் ஒரே பக்கம் வைத்தால் வந்த காற்று மூலைகளை எட்டாமலே போய்விடும். வெளியேறும் காற்று காளான் உதிர்க்கும் வித்துத்தூளையும் கொண்டுபோகும். சிப்பிக் காளான் தூளை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு இருமலும் காய்ச்சலும் ஒவ்வாமையாக வருவதுண்டு. மூச்சுக் கணக்கில் அவர்களும் சேர்த்திதான்.

அளப்பதற்கு வழி இல்லாத சிறு விவசாயி என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. கரியமில வாயு மீட்டர் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றாலும், அது இல்லாமலும் காரியம் நடக்கும். இரண்டு சாதாரண வெப்பமானிகள் போதும். ஒன்றன் குமிழில் ஈரத்துணி. இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் காற்று நிறைந்துவிட்டது. தெளிப்பதை நிறுத்தித் திறக்க வேண்டிய நேரம். இடைவெளி நான்கைந்து டிகிரியைத் தாண்டினால் காற்று வறள்கிறது, ஈரம் போதவில்லை. வெப்பமானியை வாசலோரச் சுவரில் மாட்டிவைத்தால் அது சுவரின் கதையைத்தான் சொல்லும். படுக்கைகளின் நடுவே, காளான் நிற்கும் உயரத்தில் தொங்கவிட வேண்டும். வித்து பரவும் அறையில் ஒரு படுக்கையின் நடுவிலேயே செருகிப் பார்க்க வேண்டும். இழை வேகமாக ஓடும் நாள்களில் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும், நெருக்கி அடுக்கினால் இன்னும் ஏறும். வாயுவை அளக்கும் கருவியோ படுக்கையிலேயே முளைத்து நிற்கிறது. குடை அகன்று கால் குட்டையாக இருந்தால் காற்று போதும். கால் நீளத் தொடங்கினால் போதவில்லை. குடையின் ஓரம் காய்ந்து வெடித்தால் காற்று மிகுந்து ஈரம் குறைந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு வெப்பமானி 38 காட்டும்போது கதவை நோக்கிப் போகும் கை, சாத்துவதற்கு முன் இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நுழைவாயில் சாக்கு நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கட்டும். சாக்கு நனைந்திருந்தால் கதவு திறந்தே இருக்கலாம்.